எத்தினி மேடம்

அவரோடு காய்கறி வாங்கப் போனால் மானம் கப்பலேறிவிடும். கள்ளக்குறிச்சி சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஊர் சனமெல்லாம் ஒரு கூறை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இந்த அம்மா மட்டும் கூறுக்கு முன்னால் குந்திக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பார்.

"இந்தக் கூறும் அந்தக் கூறும் ஒண்ணாம்மா?"

"எல்லாம் ஒரே தோட்டத்துக் காய்தாம்மா."

"தோட்டம் ஒண்ணுதான். பறிச்ச நாளு ஒண்ணா? எத்தினி காய் நேத்து பறிச்சது, எத்தினி இன்னிக்கி பறிச்சது?"

"யம்மா தாயே, வாங்கறது ஒரு கூறு. அதுக்கு இன்னா இத்தினி கேள்வி? நீ வாங்கவே வாணாம், எழுந்திரு."

நான் பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, "ஒரே மாதிரி இருக்கறது வேற, ஒண்ணா இருக்கறது வேற. அந்தம்மாவுக்கே அது தெரியும், விக்கணும்னு சொல்லுது" என்பார்.

அவர் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயது தாண்டியவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த நூல் புடவை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, காலில் ரப்பர் செருப்பு. நான் அப்போது கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர். சனங்கள் வாயில் நர்சம்மா. மாதம் ஒரு தடவை என் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து பஸ் ஏறி அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அப்படித்தான் பழக்கம். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்கிற பெயர் எத்தினி மேடம். யார் எதைச் சொன்னாலும் எத்தினி பேரு, எத்தினி தபா என்று கேட்டுவிடுவார். அதனால் வந்த பெயர். அவருக்கும் அது தெரிந்திருந்தது, ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு தடவை என்னோடு வெள்ளிமலைக்கு ஜீப்பில் வந்தார். மலைப்பாதையில் வளைவு திரும்பும்போது டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "மலைக்காரங்களே இப்டித்தான் மேடம். ஊசின்னா ஓடிப் பூடுவானுங்க" என்றார்.

"எத்தினி பேரு ஓடுனாங்க?"

"நெறைய பேரு மேடம்."

"நெறையன்னா எத்தினி? நீயே பாத்தது சொல்லு."

டிரைவர் ரெண்டு வளைவு தாண்டும்வரை யோசித்தார். "ஒரு கெழவன். அப்புறம் அவன் மருமவ."

"ரெண்டு பேரு. ரெண்டு பேரு ஓடுனதுக்கு மொத்த மலையையும் ஓட வுட்டுட்டியேப்பா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்குச் சிரிக்கிற? போன மாசம் நீயும் இதையேதான் சொன்ன" என்றார். சொல்லியிருந்தேன், உண்மைதான்.

இப்படியெல்லாம் சொல்வதால் அவரை ஏதோ ஈரமில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் சர்வீசில் ஒரு மாதம் அடுத்தடுத்து ரெண்டு குழந்தைகள் பிறந்ததும் இறந்துபோயின. ரெண்டுமே நான் பார்த்த பிரசவம். கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, இவள் கை ராசியில்லாத கை என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அது மலையில் பரவியது. பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று எழுதிக்கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் பழைய பதிவேடுகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து, வருஷவாரியாக நான் பார்த்த பிரசவங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். மலையில் மற்ற நர்சுகள் பார்த்ததையும் தனித்தனியாக எண்ணினார்.

"இத்தினி பிரசவம் பாக்கற யாருக்கும் என்னிக்காவது ஒரு மாசத்துல ரெண்டு இப்டி வரும். தானா வரும். அதுக்கு ராசியும் கெடையாது, மண்ணும் கெடையாது. ரெண்டு சாவை வெச்சிக்கினு ஒரு பொம்பள கையப் பத்திப் பேசறாளா அவ? போய் மூஞ்சியக் கழுவிக்கினு வா. சாப்டலாம்."

அன்றைக்கு அவர் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை ரெண்டு பேரும் தின்றோம். எனக்கு அழுகை நின்றபாடில்லை. அவர் பாட்டுக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெற்ற தாய்கூட எனக்கு அந்த மாதிரி ஓர் ஆறுதல் சொன்னதில்லை.

இனிமேல் சொல்வதைத்தான் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமே இல்லை.

மலை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு காத்திருப்பு வீடு திறந்தார்கள். ரெண்டு அறை, ஒரு சமையல் கட்டு, அவ்வளவுதான். நிறைமாதப் பெண்கள் வலி வரும் முன்பே துணைக்கு ஓர் ஆளோடு வந்து அங்கே தங்கிக்கொள்ளலாம். மலையில் பல ஊர்களுக்கு வண்டி போகாது. வலி எடுத்தால் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி ஆம்பிளைகள் தோளில் தூக்கிவர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம், பயன் இருந்தால் தொடரலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். என் பொறுப்பில் இருந்த ஆறு ஊர்களில்தான் பரீட்சை. பெண்களை அங்கே கூட்டிவருவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிப்போகும். "மாட்ட யாரு பாப்பா நர்சம்மா? சாமய யாரு அறுப்பா?" என்பார்கள். சண்டை போட்டு, கெஞ்சி, மாமியார்களின் காலில் விழாத குறையாக அழைத்து வந்தேன். வந்தவர்கள் களி கிண்டித் தின்றுகொண்டு, கதை பேசிக்கொண்டு, பிள்ளையைப் பெற்று எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வீடு நல்லது என்று எனக்குக் கண்ணால் தெரிந்தது.

வருஷ முடிவில் கணக்கு மேடத்திடம் போனது. அதற்கு முன்பே அலுவலகத்துக் கிளார்க் ஒருவர் ஆறு ஊரையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டி, வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம் என்று ஒரே தாளில் எழுதிவிட்டார். பார்த்தால், தாய்க்கோ பிள்ளைக்கோ கெட்டது நடந்ததில் வீட்டில் வந்து தங்கினவர்களுக்கும் தங்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

மேடம் அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ரோட்டோரத்து ஊர்க்காரிங்க ரொம்ப பேரு வரல, அவங்களுக்கு வராமயே நல்லாதான் ஆவும். காட்டுக்குள்ள இருக்கற ஊர்க்காரிங்கள நீ இட்டுக்கினு வந்த, அவங்களுக்கு எப்பவுமே ஆபத்து ஜாஸ்தி. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்குனா வூட்டால ஒண்ணும் இல்லன்னுதான் தெரியும். ஆளைக் கூட்டக் கூடாது. அந்தந்த ஊர்ல வந்தவங்கள அதே ஊர்ல வராதவங்களோட வெச்சிப் பாத்து, வித்தியாசத்தைக் கூட்டணும்."

"ஊருக்கு அஞ்சு பிரசவம், ஆறு பிரசவம்தானே மேடம்? அத வெச்சி இன்னா தெரியும்?"

அவர் பர்சிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுண்டினார். "நாலு தபா சுண்டி நாலும் தலை வுழுந்தா, காசு கள்ளக் காசுன்னு சொல்லிடுவியா? சொல்ல மாட்ட. தானாவும் வுழும். ஒரு ஊர வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஆறு ஊர்ல ஆறு பேரு தனித்தனியா சுண்டி, ஆறு பேருக்கும் தலையே ஜாஸ்தியா வுழுந்தா? அப்ப யோசிப்பல்ல? அதான் கணக்கு. இது தானா வந்ததா இருக்கறதுக்கு இருபதுல ஒண்ணுக்கும் கம்மியாதான் வாய்ப்புன்னு வந்தா, மேல இருக்கறவங்க ஒத்துக்குவாங்க."

ரெண்டு நாள் உட்கார்ந்து போட்டார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "வந்துடுச்சிம்மா. இருபதுல ஒண்ணுங்கற கோட்டத் தாண்டிடுச்சி. கொஞ்சம்தான், ஆனா தாண்டிடுச்சி. உன் வூடு நிக்கும்."

நான் சந்தோஷத்தில் டீ வாங்கிவர எழுந்தேன். எழுந்தவள் போயிருக்கலாம். பாழாய்ப்போன வாய். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "ஆத்துக்குழிலதான் வித்தியாசம் ரொம்ப நல்லா தெரியுது. அது எத்தினி வூடு?" என்று கேட்டார்.

"மேல ஏழு வூடு, கீழ பதினொண்ணு மேடம்."

"மேல, கீழன்னா?"

"நடுவுல ஒரு ஓடை இருக்குது மேடம். ஓடைக்கு அந்தாண்ட மேல ஆத்துக்குழி, இந்தாண்ட கீழ ஆத்துக்குழி. ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "வந்தவங்கல்லாம் எந்தப் பக்கம்?"

"கீழப் பக்கம்."

"வராதவங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. "மேலப் பக்கம்."

"ஓடை பெருகுனா அவங்க எறங்கவே முடியாது இல்ல? அப்ப அவங்களுக்குக் கெட்டது நடந்தது வூட்டுக்கு வராததாலயா, ஓடைக்கு அந்தாண்ட இருக்கறதாலயா?"

மலையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ரேஷன் கார்டிலும் ஆத்துக்குழிதான், ஓட்டர் லிஸ்ட்டிலும் ஆத்துக்குழிதான். அந்த சனங்களே எந்த ஊர் என்று கேட்டால் ஆத்துக்குழி என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள், ஒரே சாமிக்குப் பொங்கல் வைப்பவர்கள். அதனால் நானும் ரெண்டையும் ஒரே வரியில் எழுதினேன். இது நான் அவரிடம் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. மழை நாளில் எனக்கு ஓடையைத் தாண்டப் பயம். கீழேயே நின்றுகொண்டு, மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களிடம் யாருக்குக் குழந்தை பிறந்தது, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன். மேல ஆத்துக்குழிக்கென்று தனியாக ஒரு வரி போட்டால், மாதா மாதம் அங்கே போனேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"ஞாபகத்துல இருக்குது மேடம், நான் இப்பவே பிரிச்சிக் குடுக்கறேன்" என்றேன்.

"உன் ஞாபகத்துல இருந்து பிரிச்சா நீ நெனைக்கற பக்கமாத்தான் பிரியும். வாணாம்." பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அது போனால் மீதி அஞ்சு ஊர் கணக்கு கோட்டைத் தாண்டாது.

"மேடம், ஒரே ஒரு வரி! வூட்ட மூடிடுவாங்க மேடம்! உங்க கால்ல வுழுறேன்."

"நான் மட்டும் மூடணும்னா ஆசப்படறேன்?" தாளைத் தள்ளி வைத்தார். "பொய்ய வெச்சித் தொறந்து வெச்ச வூட்ட, நாளைக்கி எவனாவது ஒரு கேள்வி கேட்டு மூடிடுவான். அதுக்கப்புறம் நாம உண்மையே சொன்னாலும் நம்ப மாட்டான். மேல ஆத்துக்குழிக்குப் போயி தனியா எழுதிக்கினு வரலாம்னா, மீட்டிங் நாளைக்கி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் கையின் ராசியைக் காப்பாற்றின அதே கணக்கு இன்றைக்கு என் கழுத்தை அறுக்கிறதே! மேடத்தைச் சபித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அந்த வரி என் கையெழுத்து என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவிடவில்லை என்பதுதான் சரி.

மறுநாள் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சுருக்கமா சொல்லுங்க. பயன் இருக்கா, இல்லையா?" என்றார்.

"இருக்கற மாதிரிதான் தெரியுது சார். ஆனா அஞ்சு ஊரு கணக்க மட்டும் வெச்சி உறுதியா சொல்ல முடியல. இன்னும் ஒரு வருஷம் வேணும்" என்றார் மேடம்.

"அப்ப நிரூபணம் இல்ல."

"பயன் இல்லைங்கறதுக்கும் நிரூபணம் இல்ல சார். ரெண்டும் வேற."

"ஆறு ஊருன்னு சொன்னாங்களே?"

"ஒரு ஊரு கணக்கு சரியா பிரிபடல சார்." என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரி கோப்பை மூடினார். அந்த மாத முடிவில் வீட்டையும் மூடினார்கள். இன்றுவரை திறக்கவில்லை. சிமெண்டு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த மழையில் மேல ஆத்துக்குழியில் பூங்கொடிக்கு நிறைமாதம். முதல் பிரசவத்துக்கு அவள் காத்திருப்பு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சாதித்தவள். "அடுத்த தபா கண்டிப்பா வரேன் நர்சம்மா" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அடுத்த தபா அவள் வரத் தயார், வருவதற்கு வீடு இல்லை. ஓடை பெருகிக் கிடந்த ஒரு நாள் காலையில் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. தூளி கட்டி ஓடைக்கரைவரை தூக்கிவந்துவிட்டார்கள். வெள்ளம் இறங்குமா இறங்குமா என்று நாலு ஆம்பிளைகள் அவளை வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நின்றார்கள். இந்தக் கரையில் நான் நின்றேன். மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்கியபோது அவளைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் மேடத்துக்குப் போன் செய்தேன். செத்துப்போன செய்தியை மட்டும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழந்த?" இருக்கிறது, பெண் குழந்தை என்றேன். வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் சொந்த லீவில் மலைக்கு வந்தார். வெள்ளிமலை வரை பஸ், அங்கிருந்து ஜீப், அப்புறம் நடை. ஓடையைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டினார். நானும் தாண்டினேன். மேல ஆத்துக்குழிக்கு மழைக்காலத்தில் நான் போனது அதுதான் முதல் தடவை. ஏழு வீட்டிலும் உட்கார்ந்து யாருக்கு எப்போது பிரசவம், என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தனியாக எழுதினார். "இந்த வரிய இப்பவாவது சரியா எழுதணும். வூட்டத் தொறக்கச் சொல்லி மறுபடியும் எழுதிப் போடப்போறேன்" என்றார். கடைசியாகப் பூங்கொடியின் வீடு. அவள் புருஷன் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். மேடம் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் பதில் சொன்னான். கடைசியில் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த வூட்ட மூடிட்டாங்களேம்மா. அத யாரு மூடுனது?"

பேனா நின்றது. தக்காளிக் கூறையே பிரித்துப் பார்க்கிற மனுஷி. அதிகாரி பங்கு இவ்வளவு, ஓடையின் பங்கு இவ்வளவு, ரெண்டு ஊரை ஒரு வரியில் எழுதினவளின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவார் என்று நான் நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான்பா" என்றார்.

அதற்கு மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவன் சத்தம் போடவில்லை. குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "எழுந்து போங்கம்மா" என்றான். அவர் பேனாவை மூடி, தாளை மடித்து, எழுந்து போனார். நானும் எழுந்தேன்.

"நர்சம்மா, நீங்க குந்துங்க. உங்கள யாரு சொன்னா? அவளுக்காவ நீங்க இன்னா ஓட்டம் ஓடுனீங்க, எனுக்குத் தெரியாதா?"

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மேடம் தனியாக ஓடைப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருப்பது அங்கிருந்து தெரிந்தது. நான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.